ஆமைச் சித்தர் அருளிய சுரைக்காய்க் கூட்டு

ஒரு காட்டில், டவர் நன்றாகக் கிடைக்கிற மேட்டை ஒட்டி, ஒரு முள்ளெலிக் குடும்பம் இருந்தது. அப்பா, அம்மா, ஒரே மகள். காட்டின் மற்ற பகுதிகளில் தண்ணீர் கிடைத்தது, நிழல் கிடைத்தது, டவர் கிடைக்கவில்லை. அதனால் அந்த மேட்டில் எப்போதும் கூட்டம். ஓடுகிற மான்கூட அங்கே வந்தால் நின்று, கொம்பைச் சாய்த்து, "இப்ப கேக்குதா? இப்ப?" என்று கத்திவிட்டுத்தான் ஓடும்.

மகளின் பெயர் மென்மொழி. ஒரு முள்ளெலிக்கு இப்படிப் பெயர் வைத்தவர் அப்பாதான். வைத்ததோடு சரி, அவள் மொழியை அவர் காது கொடுத்துக் கேட்டதில்லை. கேட்கிற மாதிரி அவளும் பேசியதில்லை. யாராவது "நல்லா இருக்கியாம்மா?" என்று விசாரித்தால் போதும், தலையை வயிற்றுக்குள் செருகிப் பந்தாக உருண்டுகொள்வாள். மற்ற முள்ளெலிகள் பாம்பைப் பார்த்தால் உருளும். மென்மொழி விருந்தாளியைப் பார்த்தால் உருண்டாள். கல்லூரியில் வாய்மொழித் தேர்வு அன்றும் உருண்டபடியேதான் பதில் சொன்னாள். பதில்களில் குறையில்லை. அவை எந்தப் பக்கத்திலிருந்து வருகின்றன என்பதுதான் தேர்வாளருக்குக் கடைசிவரை தெரியவில்லை.

அவள் படித்தது ஊட்டச்சத்து. "வனவாழ் உயிரினங்களின் உணவில் நார்ச்சத்தின் பங்கு" என்று தடிமனாக ஒரு ஆய்வேடு கொடுத்தாள். அதை முதல் பக்கத்தில் தொடங்கிக் கடைசிப் பக்கம்வரை விடாமல் முடித்தது கல்லூரி நூலகத்துக் கரையான் மட்டுமே.

அப்பா பூபாலன், வனவரி அலுவலகத்தில் சூப்பரண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்தபோது கோப்புகளைப் படிக்காமல் கையெழுத்துப் போடுவார். இப்போது செல்போனில் வருவதைப் படிக்காமல் எல்லாருக்கும் அனுப்புவார். சாயங்காலமானால் குரங்கு நடத்தும் மந்திக்கடைக்குப் போய் ஒரு பொட்டலம் ஈசல் பக்கோடா, கூடவே கொஞ்சம் தேன் அல்வா. வீட்டில் அம்மா வாணலி வைத்தால் அதிலும் வண்டு பஜ்ஜி. அவருடைய வாழ்க்கையில் வேகவைத்த பண்டம் என்று ஒன்று வந்தது, அவர் காய்ச்சலில் படுத்தபோது மட்டும்தான்.

ஒருநாள் அவர் பின்னங்காலில் முள் குத்தியது. உடம்பெல்லாம் முள் உள்ளவரை முள் குத்திவிட்டதே என்று அக்கம்பக்கம் சிரித்தது, அவரும் சேர்ந்து சிரித்தார். புண் ஆறவில்லை. பூபாலன் சிரிப்பை நிறுத்தினார். பிறகு அக்கம்பக்கமும் நிறுத்தியது.

ஆந்தை டாக்டர் இருட்டத் தொடங்கும்போதுதான் நோயாளி பார்ப்பார். ரத்தம் எடுத்துச் சோதித்துவிட்டு, இரண்டு கண்ணையும் பூபாலன்மேல் வைத்தார்.

"சர்க்கரை இருக்கு சார்."

"லேசாத்தானே டாக்டர்?"

"மந்திக்கடை அல்வால இருக்கறதவிடக் கொஞ்சம் கம்மி."

அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். டாக்டர் குரலைத் தாழ்த்தினார். "மாத்திரை எழுதறேன். ஆனா மாத்திரை மட்டும் பத்தாது. சாப்பாட்ட மாத்துங்க. மழை தொடங்கறதுக்குள்ள குறையணும். குறையலேன்னா தினமும் ஊசி. அதுக்கும் அந்தப் புண்ணு ஆறலேன்னா விரல எடுக்க வேண்டி வரும்."

ஊசி என்ற சொல்லைக் கேட்டதும் பூபாலன் உருண்டுகொண்டார். முதுகு முழுக்க ஊசி வைத்துக்கொண்டு ஊசிக்குப் பயப்பட்ட ஒரே பிராணி அந்தக் காட்டில் அவர்தான். அந்த நேரம் பார்த்து டாக்டர் மென்மொழி பக்கம் திரும்பி, "பொண்ணு என்ன படிச்சிருக்கு?" என்று கேட்டுவைக்க, அவளும் உருண்டுகொண்டாள். அம்மா இரண்டு பந்துகளையும் ஒன்றன்பின் ஒன்றாக உருட்டிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தாள்.

வழியெல்லாம் பந்துக்குள் மென்மொழி யோசித்தாள். விரல் என்று டாக்டர் சொன்னது அவள் காதிலேயே நின்றது. மூன்று வருடம் படித்தது எதற்கு? இதற்குத்தான். மறுநாள் காலை அவளே அடுக்களைக்குள் போனாள். கொள்ளு ஊறவைத்தாள், கேழ்வரகைக் களியாகக் கிண்டினாள், சுரைக்காயைப் பாசிப்பருப்போடு கூட்டு வைத்தாள். எண்ணெய்ச் சட்டியைக் கழுவி, துடைத்து, கிணற்றடியில் கவிழ்த்து வைத்தாள்.

பூபாலன் தட்டைப் பார்த்தார். தட்டைச் சுற்றி ஒருமுறை நடந்து வந்து மறுபடி பார்த்தார்.

"இது என்னம்மா?"

"சுரைக்காய்க் கூட்டுப்பா."

"மூணு வருஷம் ஹாஸ்டல்ல வச்சுப் படிக்க வச்சேன். கடைசியில சுரைக்காய்ல வந்து நிக்கற."

"அதுல நார்ச்சத்து அதிகம்பா. சர்க்கரைய மெதுவா ஏத்தும். கிளைசீமிக் குறியீடுன்னு ஒண்ணு..."

"யார் சொன்னா?"

"புத்தகத்துல இருக்குப்பா."

"எந்த வருஷத்துப் புத்தகம்?"

அவள் வருஷத்தைச் சொன்னாள். "போன வருஷத்துப் புத்தகத்த வச்சுக்கிட்டுப் பரம்பரை நாக்க மாத்தப் பாக்கறியா?" என்று கேட்டுவிட்டு அப்பா செருப்பை மாட்டினார். கால் வலியோடு நொண்டி நொண்டி மந்திக்கடைக்குப் போனார். கூட்டை அம்மாவும் மகளும் சாப்பிட்டார்கள். அம்மா மரியாதைக்கு, "உப்பு சரியா இருக்கு" என்றாள். அந்தக் கூட்டைப் பற்றி வேறு எதையும் பாராட்ட முடியாது என்பது மென்மொழிக்கே தெரியும்.

நேரில் சொன்னால் எடுபடவில்லை. அப்பா நாள் முழுக்கப் பார்ப்பது செல்போனை. ஆகவே அதற்குள் போய்ச் சொல்வோம் என்று மென்மொழி ஒரு பக்கம் தொடங்கினாள். "மென்மையான சமையல்" என்று பெயர். கேமராவைப் பார்த்ததும் உருண்டுவிடுவதால் முகம் கிடையாது. இரண்டு கை, ஒரு கரண்டி, கிராம் கணக்கில் அளவு. அடியில் சின்ன எழுத்தில் ஆதாரங்கள்.

காட்டு மக்கள் பார்த்தார்கள். கருத்தும் சொன்னார்கள். "சிஸ்டர், கேழ்வரகுக்குப் பதில் மைதா போடலாமா?" என்று ஒரு மான் கேட்டது. "உங்கள் எண்ணெய் இல்லாத கட்லெட்டை எண்ணெயில் பொரித்துப் பார்த்தேன், பிரமாதம்!" என்று மயில் பாராட்டியது. ஓர் உடும்பு நீளமாக எழுதியிருந்தது: "என்னிடம் கொள்ளு இல்லை, சேமியா போட்டேன். சுரைக்காயும் இல்லை, வெல்லம் போட்டேன். நீங்கள் சொன்ன மாதிரி வரவில்லை. ஏமாற்று வேலை."

மென்மொழி ஒவ்வொருவருக்கும் பொறுமையாகப் பதில் எழுதினாள். உடும்புக்கு மன்னிப்பும் கேட்டாள். எதற்கு என்று அவளுக்கே விளங்கவில்லை.

ஒரு சாயங்காலம் அப்பா போனை நீட்டினார். "இந்தக் கூத்தப் பாரு. ஏதோ ஒரு பொண்ணு, மூஞ்சியக் காட்ட மாட்டேங்குது, கைய மட்டும் காட்டுது. எண்ணெய் இல்லாமத் தாளிக்குதாம். விடுவேனா நான்? எழுதிட்டேன்ல!"

அவள் படித்தாள். "இது சமையல் அல்ல, தண்டனை. இப்படிக்கு, பூபாலன், சூப்பரண்டு (ஓய்வு)."

அவள் பதிவைவிட அவர் கருத்துக்குத்தான் விருப்பக்குறி அதிகம் விழுந்திருந்தது. எண்ணிப் பார்த்தபோது அதில் ஒன்று அம்மாவுடையது.

"நீ ஏம்மா போட்ட?" என்று அடுக்களையில் கேட்டாள்.

"அப்பா முதல்முறையா ஒண்ண முழுசாப் படிச்சிருக்காரேன்னு போட்டேன்டி."

மென்மொழி பேசத்தான் மாட்டாளே தவிர நன்றாகக் கவனிப்பாள். அப்பா எதை நம்புகிறார் என்று கவனிக்கத் தொடங்கினாள். காலையில் எழுந்ததும் வேப்பங்கொழுந்தை எண்ணித் தின்றார். எதிரில் யானை போனால் மூச்சை இடது மூக்கில் இழுத்தார். இரும்புத் துண்டு ஒன்றைத் தண்ணீர்க் குடத்தில் போட்டு வைத்தார். எல்லாம் போனில் வந்தவை. அனுப்பியவர் யார் என்று அவர் கேட்டதேயில்லை. அவர் கேட்டது ஒன்றே ஒன்று. எவ்வளவு பழசு? ஆயிரம் வருஷம் என்றால் தலை வணங்கினார். போன வருஷம் என்றால் செருப்பை மாட்டினார்.

அன்று கிணற்றடியில் அந்த வாணலி கவிழ்ந்தபடியே கிடந்தது. கன்னங்கரேல் என்று, நடுவில் மேடாக, இரண்டு பக்கமும் காது நீட்டிக்கொண்டு. பார்க்கப் பார்க்க, தலையை உள்ளே இழுத்துக்கொண்ட ஓர் ஆமை தவத்தில் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. மென்மொழி அக்கம்பக்கம் பார்த்தாள். கோலமாவால் அதன்மேல் மூன்று பட்டை இழுத்தாள். ஒரு செம்பருத்தியை வைத்தாள். படம் எடுத்தாள். தலையை வெளியே நீட்டாமலே காலம் தள்ளுகிற அந்தப் பெரியவர்மேல் அவளுக்குத் தனிப்பட்ட முறையில் ஒரு பாசம் வந்தது.

"ஆமைச் சித்தர்" என்று புதிய பக்கம் பிறந்தது. முதல் அருள்வாக்கு இப்படி வந்தது:

"குழந்தைகாள்! தொள்ளாயிரம் மழைக்காலம் கண்ட யாம் உரைக்கின்றோம். சுரைக்காய் என்பது காய் அன்று, கவசம். பாசிப்பருப்போடு சேர்த்து வடக்கு நோக்கி நின்று கிளறுக. எண்ணெய் ஒரு துளியும் ஆகாது. உண்டபின் அரை நாழிகை நடக்க. ஏன் என்று கேட்பவனுக்கு இது பலிக்காது."

கடைசி வரி அவளுக்கு மிகவும் பிடித்தது. கல்லூரியிலேயே இது தோன்றியிருந்தால் ஆய்வேட்டில் ஆதாரப் பட்டியல் பக்கங்கள் அத்தனையும் மிச்சமாகியிருக்கும். வடக்குத் திசைக்கும் சுரைக்காய்க்கும் சம்பந்தமில்லை என்று மனசாட்சி குத்தியது. வடக்குப் பார்த்து நின்றால் கெடுதலும் இல்லை என்று சமாதானம் சொல்லிக்கொண்டு வெளியிட்டாள்.

மறுநாள் பல் விளக்குவதற்கு முன்பே பூபாலன் அடுக்களை வாசலில் நின்றார்.

"வீட்ல சுரைக்காய் இருக்கா?"

அம்மாவின் கையிலிருந்த கரண்டி விழுந்தது.

"என்ன பாக்கற? போய் வடக்குப் பாத்துக் கிளறு. மென்மொழி, இங்க வா. இதப் படி." போனை அவள் மூக்கருகில் நீட்டினார். "சத்தமாப் படி. தொள்ளாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே சொல்லிட்டார். உங்க காலேஜ்ல இதெல்லாம் எங்க சொல்லித் தராங்க? டிகிரி வாங்கினாப் போதாதும்மா. விஷயம் தெரியணும்."

மென்மொழி தான் எழுதியதையே சத்தமாகப் படித்தாள். படித்து முடித்ததும் உருண்டுகொண்டாள். அப்பா அதை வெட்கம் என்று எடுத்துக்கொண்டார். பந்துக்குள்ளே அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அதே கூட்டு. அதே உப்பு. பூபாலன் வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "தெய்வீகமான ருசி" என்றார். அரை நாழிகை நடக்கவும் செய்தார்.

அதற்குப் பிறகு சித்தர் நாள்தோறும் திருவாய் மலர்ந்தார். அரிசியைக் குறைத்தார், அல்வாவை "மாயை" என்றார், மந்திக்கடையை ஒருமுறை ஜாடையாகக் கண்டித்தார். பூபாலன் எல்லாவற்றையும் கடைப்பிடித்தார். "ஆமைச் சித்தர் அடியார்கள்" என்று குழு தொடங்கி அவரே அட்மின் ஆனார். மகளின் பழைய பக்கத்துக்குப் போய், "சகோதரி, சித்தரிடம் பாடம் கேட்கவும்" என்று அறிவுரையும் எழுதினார்.

ஒருநாள் அம்மா வாணலியைத் தேய்க்க எடுத்தாள். மகளைக் கூப்பிட்டாள்.

"சட்டிக்கு எதுக்குடி பட்டை போட்டிருக்க?"

மென்மொழி உருளப் பார்த்தாள். அம்மா ஒரு கையால் அவளை விரித்துப் பிடித்துக்கொண்டு மறு கையால் போனில் சித்தரின் படத்தை எடுத்தாள். சட்டியைப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள்.

"அம்மா, அப்பாகிட்டச் சொல்லிடாதம்மா. கால் விரல் போயிடும்மா."

"நான் ஏன்டி சொல்றேன்?" அம்மா சட்டியை இருந்த இடத்திலேயே பக்குவமாகக் கவிழ்த்தாள். "சாமிகிட்ட எனக்கும் ஒரு வேண்டுதல் இருக்கு. சாப்பிட்ட தட்ட அவனவன் கழுவினாச் சர்க்கரை குறையும்னு சொல்லச் சொல்லு."

"அதுக்கு ஆதாரம் எதுவும் இல்லம்மா."

"வடக்குக்கு இருந்துச்சாக்கும்."

மறுநாள் முதல் பூபாலன் தட்டைக் கழுவினார். அதற்கடுத்த வாரம் துணியும் காயப்போட்டார். அம்மாவின் பக்தி பெருகிக்கொண்டே போனது.

இதோடு நின்றிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். ஆனால் சித்தர் புகழ் மேட்டைத் தாண்டிப் பரவியது. பரவியதில் ஒரு சங்கடம் வந்தது. மென்மொழி தன் பழைய பக்கத்தில் எழுதியபோது கிராம் கணக்கு. சித்தர் கிராம் சொன்னால் நன்றாகவா இருக்கும்? ஆகவே ஒரு வாக்கில், "வெந்தயம் ஒரு கைப்பிடி ஊறவைத்துக் கஞ்சியில் இடுக" என்று எழுதிவிட்டாள். எழுதும்போது அவள் மனத்தில் இருந்தது முள்ளெலியின் கைப்பிடி. அதில் மொத்தமே சில மணிகள்தான் கொள்ளும்.

எறும்புகளும் தத்தம் கைப்பிடி போட்டன. கஞ்சியில் வெந்தயம் இருப்பதே தெரியவில்லை என்று எழுதின. கஜபதி என்ற யானையும் தன் கைப்பிடி போட்டது. யானைக்குக் கை என்றால் தும்பிக்கை. தும்பிக்கை கொண்ட மட்டும் வெந்தயம், ஓர் அண்டா கஞ்சியில்.

கஜபதி அன்று மாலைக்குள் அடியார் குழு அட்மின் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. வருவதற்கு முன்பே வாசனை வந்தது.

"சூப்பரண்டு சார்! வெளிய வாங்க!"

பூபாலன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். "என்ன கஜபதி?"

"என்னவா? வாயெல்லாம் கசக்குது. கரும்பு தின்னாலும் கசக்குது. காலைலேர்ந்து ஆத்துப் பக்கமே இருக்கேன், எதுக்குன்னு கேக்காதீங்க. வீட்டுக்காரி கிட்ட வர மாட்டேங்கறா. யார் சார் அந்தச் சாமி?"

"சாமி சொன்னதுல தப்பு இருக்காது. நீ கிளறும்போது எந்தப் பக்கம் பாத்து நின்ன?"

"நான் எந்தப் பக்கம் நின்னாலும் எல்லாப் பக்கமும் நிக்கற மாதிரிதான் சார். பேச்ச மாத்தாதீங்க. எனக்கு அவர நேர்ல பாக்கணும். எங்க இருக்கார்?"

"மலையடிவாரத்துல."

"எந்த மலை?"

பூபாலனுக்குத் தெரியவில்லை. கஜபதி காதை விசிறியது. "வர்ற வாரம் காட்டையே கூட்டிட்டு வரேன். சாமியக் காட்டுங்க. இல்லேன்னா சாமி பொய்யின்னு மேட்டுல ஏறி நின்னு பிளிறுவேன்."

"பொய்யா?" பூபாலனின் முட்கள் சிலிர்த்தன. "சாமி மட்டும் பொய்யின்னு ஆகட்டும், அந்த நிமிஷமே மந்திக்கடைல போய் உக்காந்து ஒரு தாம்பாளம் அல்வா தின்னுடறேன். அப்புறம் காலாவது விரலாவது!"

கதவுக்குப் பின்னால் நின்று மென்மொழி எல்லாவற்றையும் கேட்டாள். புண் இப்போதுதான் ஓரம் காயத் தொடங்கியிருந்தது. மழை வர அதிக நாளில்லை. இந்த நேரத்தில் அப்பா பழைய பக்கோடாவுக்குத் திரும்பினால் எல்லாம் போயிற்று. இன்னொரு பக்கம், இன்று யானைக்கு வயிறு. நாளை ஒரு கர்ப்பிணி மானோ வயசான கரடியோ சித்தர் பேச்சைக் கேட்டு எதையாவது அளவில்லாமல் விழுங்கினால்?

அவளுக்குத் தெரிந்தது சரியானதைச் செய்வது ஒன்றுதான். சித்தர் பக்கத்தில் ஒரு திருத்தம் வெளியிட்டாள். "குழந்தைகாள், அளவு அவரவர் உடம்பைப் பொறுத்தது. யாம் சொன்னதில் பிழை நேர்ந்தது, வருந்துகிறோம். மாத்திரையை நிறுத்த வேண்டாம். சந்தேகம் இருப்பின் மருத்துவரைக் கேட்கவும்."

காடே கொந்தளித்தது. "சித்தர் வருந்துவாரா?" என்று நரி கேட்டது. "மருத்துவரைக் கேட்கவும் என்று எந்தச் சித்தராவது சொன்னதுண்டா?" என்று மயில் தோகையை விரித்தது. இவ்வளவு நாள் வடக்கையும் நாழிகையையும் ஒரு கேள்வி கேட்காமல் விழுங்கியவர்கள், முதன்முறையாக வந்த ஒரு நியாயமான வாக்கைப் பார்த்ததும் சந்தேகப்பட்டார்கள்.

பூபாலன் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். தட்டைக் கழுவவில்லை. கேழ்வரகுக் களி ஆறிக்கொண்டிருந்தது.

"சாமி பேஜ எவனோ ஹேக் பண்ணிட்டான்" என்றார். "இல்லேன்னா சாமியே..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். மந்திக்கடை இருக்கும் திசையை ஒருமுறை பார்த்தார்.

மென்மொழி அந்தப் பார்வையைக் கவனித்தாள். உருளவேண்டும்போல் இருந்தது. நான்கு காலையும் தரையில் அழுத்தி ஊன்றிக்கொண்டாள்.

"அப்பா. ஹேக் எல்லாம் இல்லப்பா. அத நான்தான் எழுதினேன்."

"எத?"

"எல்லாத்தையும். முதல்லேர்ந்து. சுரைக்காய், கொள்ளு, நடக்கறது, எல்லாம். அது நான் படிச்சதுதான். நான் சொன்னா நீங்க கேக்கலப்பா. கைய மட்டும் காட்டற அந்தப் பேஜும் என்னோடதுதான், அதையும் திட்டினீங்க. அதனால ஒரு சாமிய வச்சுச் சொன்னேன். உங்க காலுக்காகத்தான். சாமின்னு யாரும் இல்ல."

அவள் தன் வாழ்நாளில் ஒரே மூச்சில் பேசிய நீளமான பேச்சு அதுதான். பூபாலன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண் கலங்கியது. அவர் கட்டிப்பிடித்துக்கொள்வார் என்றுகூட அவளுக்கு ஒரு கணம் தோன்றியது. முள்ளெலிகளுக்குள் அது வழக்கமில்லை, காரணம் சொல்லத் தேவையில்லை.

"அப்ப ஹேக் பண்ணினது நீதானா?" என்றார்.

"அப்பா!"

"பொறாமை. உன் பேஜுக்கு ஆள் வரலேங்கற பொறாமை. பெத்த பொண்ணுன்னு பாக்கறேன்."

அம்மாவுக்கே பொறுக்கவில்லை. "இன்னும் எப்படிச் சொல்றதாம்? வாங்க, காட்டறேன்" என்று அவர் கையைப் பிடித்துக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். வாணலி இருந்தது. மூன்று பட்டை இருந்தது. அன்று காலை அம்மாவே வைத்த புதுச் செம்பருத்தியும் இருந்தது.

பூபாலன் பார்த்தார். போனில் இருந்த படத்தைப் பார்த்தார். மறுபடி வாணலியைப் பார்த்தார். கோடு கோடாக ஒத்துப்போயிற்று. அவர் முகம் வெளிறியது, பிறகு மெல்ல ஒளி வந்தது. தோளில் இருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"அடடா" என்றார். "மலையடிவாரம் மலையடிவாரம்னு தேடிட்டிருக்கோம். சாமி நம்ம வீட்டுச் சட்டியிலயே எழுந்தருளியிருக்காரே!"

அவர் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். அம்மாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இல்லப்பா, நான்தான் கோலமாவால..."

"உன் கைய வச்சு அவரே போட்டுக்கிட்டார். உனக்கு எப்படிம்மா இதெல்லாம் தெரியும்? யோசிச்சுப் பாரு. உனக்கு எங்க தெரியும் தொள்ளாயிரம் வருஷத்து ரகசியம்? சாமி உன்னக் கருவியா வச்சுக்கிட்டார். காலேஜ் படிச்ச அகங்காரத்துல நீ நான்தான் நான்தான்னு சொல்ற."

மென்மொழி வாயைத் திறந்தாள். தன் படிப்பு, தன் ஆய்வேடு, தன் ஆதாரப் பட்டியல் எல்லாம் வரிசையாக நாக்கு நுனிக்கு வந்தன. அந்த நேரம் அப்பாவின் பின்னங்காலைப் பார்த்தாள். புண்ணைச் சுற்றிப் புதுத் தோல் இளஞ்சிவப்பாக வந்திருந்தது.

வாயை மூடிக்கொண்டாள்.

சொன்னபடி கஜபதி காட்டைக் கூட்டிக்கொண்டு வந்தது. பூபாலன் கிணற்றடிக்குப் பந்தல் போட்டிருந்தார். யானை குனிந்து பார்த்தது.

"சார், இது சட்டி மாதிரி இருக்கே."

"மாதிரி இருக்கும். பக்குவம் இல்லாதவங்களுக்குச் சட்டியாத்தான் தெரியும்."

கஜபதி பின்னால் திரும்பிப் பார்த்தது. காடே நின்றிருந்தது. வீட்டுக்காரியும் நின்றிருந்தாள். அது இன்னும் கொஞ்சம் குனிந்து, "ஆமா ஆமா, கழுத்து தெரியுது" என்றது. உடனே மயிலுக்கும் தெரிந்தது, நரிக்கும் தெரிந்தது. உடும்புக்குச் சாமி கண் சிமிட்டினார்.

"வெந்தயம் மட்டும் எவ்வளவுன்னு சாமிகிட்டக் கேட்டுச் சொல்லுங்க சார்" என்றது யானை பணிவாக.

பூபாலன் கண்ணை மூடினார். பிறகு, "அளவு அவரவர் உடம்பைப் பொறுத்தது. சந்தேகம்னா டாக்டரக் கேளு. மாத்திரைய நிறுத்தாத" என்றார். மகள் எழுதிய அதே வரி. அதைத்தான் ஒரு வாரமாகக் காடு திட்டிக்கொண்டிருந்தது. இப்போது எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் பொரியல்கூடப் பொரிந்ததில்லை. சாமியை அடுப்பில் ஏற்றி எண்ணெய் ஊற்ற முடியுமா? பார்த்தவர்களும் அவரவர் வீட்டு வாணலியைக் கவிழ்த்துப் பட்டை போட்டார்கள். மந்திக்கடைக் குரங்கு சில நாள் ஈ ஓட்டிவிட்டு, பிறகு அதுவும் சட்டியைக் கவிழ்த்துச் சுண்டல் விற்கத் தொடங்கியது.

முதல் மழை விழுந்த அன்று குடும்பம் ஆந்தை டாக்டரிடம் போனது. அவர் ரத்தம் பார்த்தார். காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"ஊசி வேண்டாம் சார். விரலுக்கும் ஆபத்தில்ல. என்ன பண்ணினீங்க?"

"எல்லாம் சட்டியின் அருள்" என்று பூபாலன் கைகூப்பினார். "என் பொண்ணு கொஞ்சம் கைவேலை செஞ்சா. பாவம், அவளுக்கும் புண்ணியம்." அம்மா அவரை மாத்திரை வாங்க வெளியே அழைத்துக்கொண்டு போனாள்.

அறையில் டாக்டரும் மென்மொழியும் மட்டும். அவள் உருளத் தயாரானாள். டாக்டர் அவசரமாக, "ஒரு நிமிஷம்மா, உருளாத. நான் ஒண்ணும் கேக்கல" என்றார். கழுத்தை முழுக்கப் பின்னால் திருப்பி, கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். அப்புறம் மேசைமேல் சாய்ந்து ரகசியக் குரலில் சொன்னார்.

"நான் இருபது வருஷமாக் கரடிகிட்ட உப்பக் குறைன்னு சொல்லிட்டிருக்கேன். கேக்க மாட்டேங்குது. காட்டுப்பன்னி மாத்திரைய வாங்கிட்டுப் போய் மண்ணுல புதைச்சு வைக்குது. கொஞ்சம் சாமிகிட்டச் சொல்லி எழுதச் சொல்லேன். என் பேரு வேண்டாம்மா. டாக்டர் சொன்னதுன்னு தெரிஞ்சா யாரும் நம்ப மாட்டாங்க."

பாதி உருண்டிருந்த மென்மொழி தலையை மட்டும் வெளியே நீட்டினாள்.

"உப்பு எவ்வளவு டாக்டர்? கிராம் கணக்குல சொல்லுங்க. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

*

நீதி: நல்லது சொல்ல நினைப்பவர் முதலில் நன்றாகப் படிக்கவேண்டும். பிறகு அதை யாருக்கும் தெரியாமல் மறைத்துவிட்டு, பின்னால் ஒளிந்துகொள்ள நல்ல கனமான வாணலியாகப் பார்த்து வாங்கவேண்டும்.